கிராண்ட் பிரீ (சதுரங்கம்)

சதுரங்கத்தில் கிராண்ட் பிரீ என்பது, பல ஊர்களில் ஆண்டு முழுவதும் தனித்தனியே நடைபெறும் சுற்றுப்போட்டிகளை ஒரே புள்ளிப் பட்டியலால் இணைத்து, பருவத்தின் முடிவில் மிகுதியான புள்ளிகளைப் பெற்றவருக்குத் தனிப் பரிசோ மேல்நிலைப் போட்டியில் ஆடும் தகுதியோ அளிக்கும் முறை ஆகும். ஒரு சுற்றுப்போட்டியில் வெல்வதற்கு நல்ல ஆட்டம் போதும். தொடரை வெல்வதற்கு ஆட்டத்துடன் பயணம், பணம், உடல் வலிமை, நாட்காட்டியைக் கணிக்கும் திறன் ஆகியவையும் வேண்டும். எந்தப் புள்ளிகள் எவ்வாறு கூட்டப்படுகின்றன என்ற விதி, எங்கே ஆடுவது என்பதை மட்டுமன்றி எப்படி ஆடுவது என்பதையும் தீர்மானித்துள்ளது. ஒரு தொடக்க ஆட்டமுறைக்கே இத்தகைய தொடரின் பெயர் நிலைத்துவிட்டது.

பெயர்

கிராண்ட் பிரீ என்பது 'பெரும் பரிசு' எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லாகும். குதிரைப் பந்தயத்திலும் பின்னர் தானுந்துப் பந்தயத்திலும் வழங்கிய இச்சொல் அங்கிருந்து சதுரங்கத்துக்கு வந்தது. தானுந்துப் பந்தயத்தில் ஒவ்வொரு தனிப் பந்தயமும் கிராண்ட் பிரீ எனப்படும். சதுரங்கத்தில் பெரும்பாலும் முழுத் தொடருக்கே அப்பெயர் வழங்குகிறது. 'சர்க்யூட்', 'உலகக் கோப்பை' ஆகிய பெயர்களும் இதே முறைக்கு வெவ்வேறு காலங்களில் பயன்பட்டுள்ளன.

வார இறுதிப் போட்டியும் சுவிஸ் முறையும்

வட்டார அளவிலான தொடர்களின் அடிப்படை அலகு வார இறுதிச் சுற்றுப்போட்டி ஆகும். வெள்ளிக்கிழமை மாலை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் ஐந்து அல்லது ஆறு சுற்றுகள் ஆடி முடிக்கப்படும். ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வேலைக்கோ கல்லூரிக்கோ செல்பவர்கள் என்பதால் இந்தக் கால அளவு அமைந்தது.

இவ்வளவு குறுகிய நேரத்தில் பெருந்தொகையானோரை ஆட வைப்பதற்குச் சுவிஸ் முறை உதவுகிறது. இம்முறை 1895 ஆம் ஆண்டு சூரிச்சு நகரில் நடந்த சதுரங்கப் போட்டியில் முதலில் கையாளப்பட்டது. ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ ஒரே புள்ளி பெற்றவர்கள் எதிரெதிரே அமர்த்தப்படுவர். ஒருமுறை மோதியவர்கள் அதே போட்டியில் மீண்டும் மோதுவதில்லை. தோற்றவரும் வெளியேறுவதில்லை. 64 பேர் ஒவ்வொருவரும் மற்ற அனைவருடனும் ஆட வேண்டுமெனில் 63 சுற்றுகள் தேவை. சுவிஸ் முறையில், எல்லா ஆட்டங்களையும் வென்றவர் ஒருவருக்கு மேல் இல்லை என்பதை உறுதிசெய்ய ஆறு சுற்றுகள் போதுமானவை. ஒவ்வொரு சுற்றிலும் முழுப் புள்ளியுடன் இருப்போர் எண்ணிக்கை பாதியாகக் குறைவதே இதற்குக் காரணம்.

இந்தக் கணக்கின் விளைவை வார இறுதியில் ஆடுபவர்கள் நன்கு அறிவர். ஐந்து சுற்றுப் போட்டியில் முதல் பரிசுக்கு வழக்கமாக நாலரைப் புள்ளியோ ஐந்து புள்ளியோ தேவைப்படும். ஆகவே ஒரேயொரு சமன் மட்டுமே பொறுக்கத்தக்கது. இரண்டாவது சமன், தோல்விக்கு இணையான இழப்பைத் தந்துவிடக்கூடும். கிராண்ட்மாஸ்டர்கள் மட்டும் ஆடும் அழைப்புப் போட்டிகளில் கறுப்புக் காய்களுடன் சமன் செய்வது நல்ல முடிவாகக் கருதப்படும். வார இறுதியில் அதே சமன் ஆட்டக்காரரைப் பரிசுப் பட்டியலில் இருந்து கீழே தள்ளிவிடும்.

பரிசுப் பணம் பகிரப்படும் முறையும் இத்துடன் சேர்ந்துகொள்கிறது. முதல் மூன்று பரிசுகள் முறையே 100, 60, 40 பவுண்டுகள் எனக் கொள்வோம். மூவர் முதலிடத்தில் சமநிலை அடைந்தால் மூன்று பரிசுகளும் கூட்டப்பட்டு ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 67 பவுண்டுகள் கிடைக்கும். நுழைவுக் கட்டணம், தொடர்வண்டிக் கட்டணம், இரண்டு இரவுத் தங்கல், சாப்பாடு ஆகியவற்றைக் கழித்தால் வென்றவர் கையில் நிற்பது சொற்பமே. சதுரங்கத்தை மட்டும் தொழிலாகக் கொண்டவருக்குத் தனிப் போட்டியின் பரிசு போதாது. ஆண்டு இறுதியில் தரப்படும் தொடர்ப் பரிசுதான் அவரை அடுத்த வெள்ளிக்கிழமையும் தொடர்வண்டி ஏறச் செய்தது.

சிறந்த முடிவுகளை மட்டும் கூட்டுதல்

ஆடிய எல்லாப் போட்டிகளின் புள்ளிகளையும் கூட்டினால் அதிக நாட்கள் ஆடியவரே வெல்வார். சராசரியைக் கணக்கிட்டால் ஒரு போட்டியில் நன்றாக ஆடிவிட்டு வீட்டில் அமர்ந்துகொள்வது இலாபகரமாகிவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தீர்வாகப் பெரும்பாலான தொடர்கள் ஒவ்வொருவரின் சிறந்த சில முடிவுகளை மட்டும் கணக்கில் எடுக்கின்றன.

இத்தீர்வு நேர்மையானது போல் தோன்றினாலும் முழுமையாக அப்படியன்று. ஒரு பகடைக் காயை ஒருமுறை உருட்டினால் கிடைக்கும் எண்ணின் சராசரி 3.5 ஆகும். இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் சராசரி ஏறத்தாழ 4.47 ஆக உயரும். மூன்று முறை உருட்ட இடம் கொடுத்தால் அது 4.96 ஆகிவிடும். பகடை மாறவில்லை, உருட்டும் வாய்ப்புகள் மட்டுமே கூடியுள்ளன. சிறந்த ஐந்து முடிவுகள் எண்ணப்படும் தொடரில் ஐந்து போட்டிகளுக்கு மட்டும் செல்ல வசதியுள்ளவரும் பதினைந்து போட்டிகளுக்குச் செல்ல வசதியுள்ளவரும் சம வலிமை உடையவர்களாயினும் பட்டியலில் சமமாக இருக்க மாட்டார்கள். விடுமுறை கிடைக்காத ஆசிரியரும், போட்டி நடக்கும் ஊர்களிலிருந்து தொலைவில் வாழும் மாணவரும் இவ்வகையில் பின்தங்குகின்றனர்.

இன்னொரு விளைவும் உண்டு. மோசமான முடிவுகள் கழிக்கப்படுவதால் துணிந்து ஆடுவதற்குத் தண்டனை இல்லை. ஒரு போட்டியில் முதலிடமும் மற்றொன்றில் இருபதாம் இடமும் பெறுபவர், இரண்டிலும் ஐந்தாம் இடம் பெறுபவரை முந்திவிட முடியும். தொடரின் விதி இவ்வாறு நிதானத்தை விட வேகத்துக்கு மதிப்பளிக்கிறது.

பிரித்தானியத் தொடர்

1972 ஆம் ஆண்டு ரெய்க்யவிக் நகரில் பாபி ஃபிஷர், போரிசு ஸ்பாஸ்கி ஆகியோருக்கிடையே நடந்த உலக வாகைப் போட்டி பல நாடுகளில் சதுரங்க ஆர்வத்தைப் பெருக்கியது. இங்கிலாந்தில் வார இறுதிப் போட்டிகளின் எண்ணிக்கை 1970களில் வேகமாகக் கூடியது. பள்ளிக் கூடங்களிலும் நகர மண்டபங்களிலும் நடந்த இப்போட்டிகளைத் தேசியத் தொடராக இணைத்து, 'கட்டி சார்க்' என்ற விஸ்கி நிறுவனத்தின் ஆதரவில் கிராண்ட் பிரீ நடத்தப்பட்டது. 1980களில் லீ என்ற நிறுவனத்தின் ஆதரவு கிடைத்ததால் அது லீ கிராண்ட் பிரீ என அறியப்பட்டது.

இதே காலத்தில்தான் ஆங்கிலேயச் சதுரங்கம் உலக வரிசையில் மேலெழுந்தது. நேருக்கு நேர் ஆடி கிராண்ட்மாஸ்டர் ஆகும் முதல் பிரித்தானியருக்கு 5000 பவுண்டுகள் தருவதாக முதலீட்டாளர் ஜிம் ஸ்லேட்டர் அறிவித்திருந்தார். 1976 இல் அதனை டோனி மைல்சு பெற்றார். 1984, 1986, 1988 ஆகிய மூன்று சதுரங்க ஒலிம்பியாடுகளிலும் இங்கிலாந்து அணி சோவியத் ஒன்றியத்துக்கு அடுத்த இடத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றது. இவ்வளர்ச்சிக்கு வார இறுதிப் போட்டிகள் மட்டுமே காரணம் எனக் கூறுவது மிகையாகும். எனினும் பதின்ம வயது ஆட்டக்காரர் ஒருவர் ஒவ்வொரு வாரமும் தன்னைவிட வலிமையானவர்களுடன் மோதும் வாய்ப்பு அங்கு இருந்தது. அத்தகைய வாய்ப்பு அக்காலத்தில் மிகச் சில நாடுகளிலேயே கிடைத்தது.

தொடரின் முன்னணி ஆட்டக்காரர்களின் வாழ்க்கை எளிதானதன்று. வெள்ளி இரவு ஓர் ஊர், அடுத்த வெள்ளி இரவு வேறோர் ஊர் என்று ஆண்டின் பெரும்பகுதி கழியும். சனிக்கிழமை ஒரே நாளில் இரண்டு அல்லது மூன்று முழு ஆட்டங்கள் ஆட வேண்டும். இன்னாருடன் மோதப் போகிறோம் என்பது சில நிமிடங்களுக்கு முன்னர்தான் தெரியும் என்பதால், எதிராளிக்கு ஏற்பத் தனியாக ஆயத்தம் செய்வது இயலாது.

கிராண்ட் பிரீ தாக்குதல்

மேலே குறிப்பிட்ட நெருக்கடிகள் அனைத்துக்கும் விடையாக உருவானதே கிராண்ட் பிரீ தாக்குதல் என்னும் தொடக்க ஆட்டமுறை. வெள்ளை தன் அரசனுக்கு முன்னுள்ள காலாளை இரண்டு கட்டங்கள் நகர்த்தும்போது, கறுப்பு தன் அரசியின் பக்கத்து அமைச்சருக்கு முன்னுள்ள காலாளை இரண்டு கட்டங்கள் நகர்த்தி மறுமொழி தருவது சிசிலியன் தற்காப்பு எனப்படும். வெள்ளைக்கு எதிராகக் கறுப்பு வெற்றியைத் தேடும்போது நாடும் முறைகளுள் இது முதன்மையானது. இதன் முதன்மைக் கிளைகளை ஆட, இருபது நகர்த்தல்களுக்கும் மேலாக நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கும். முழு நேர வேலை பார்ப்பவருக்கோ, வாரந்தோறும் பயணத்தில் இருப்பவருக்கோ அதற்கு நேரமில்லை.

கிராண்ட் பிரீ தாக்குதல் அக்கிளைகளை எல்லாம் ஒதுக்கிவிடுகிறது. வெள்ளை தன் அரசனின் பக்கத்து அமைச்சருக்கு முன்னுள்ள காலாளை இரண்டு கட்டங்கள் முன்செலுத்துகிறது. இரு குதிரைகளையும் வெளிக்கொணர்ந்து, அமைச்சரைக் கறுப்பு அரசனின் திசையை நோக்கி நிறுத்தி, அரசனைக் கோட்டை கட்டிப் பாதுகாக்கிறது. பின்னர் அரசி முதல் வரிசையிலேயே ஒரு கட்டம் நகர்ந்து, அங்கிருந்து மூலைவிட்டமாகப் பலகையின் வலது ஓரத்துக்குத் தாவுகிறது. முன்னுள்ள காலாள் மேலும் ஒரு கட்டம் முன்னேறிக் கறுப்பின் அரண்களைப் பிளக்கிறது. அமைச்சர் ஒன்று கறுப்பின் காவல் அமைச்சருடன் மாற்றிக்கொள்ளப்படுகிறது. குதிரை நெருங்கி வருகிறது. கறுப்பு கவனக்குறைவாக ஆடினால் 25 நகர்த்தல்களுக்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

வரிசையின் பொது வடிவம் தெரிந்திருந்தால் போதும், நகர்த்தல்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வெற்றி, தோல்வி இரண்டும் விரைவில் தெரிந்துவிடும். சமன் அரிது. அக்காலத்து இங்கிலாந்தில் நேரம் முடிந்தும் முடியாத ஆட்டங்களை வல்லுநர் ஒருவர் நிலையைப் பார்த்துத் தீர்ப்பளித்து முடிக்கும் வழக்கம் இருந்தது. வெள்ளி இரவு ஆட்டம் அவ்வாறு அடுத்தவர் கைக்குப் போகாமல் தானே முடித்துக்கொள்ள விரும்புபவருக்கும் இது பொருத்தமாயிற்று. டேவிட் ரூமென்ஸ், மார்க் ஹெப்டன், ஜூலியன் ஹாட்ஜ்சன் முதலியோர் வார இறுதிப் போட்டிகளில் இதனைக் கொண்டு பல வெற்றிகளைப் பெற்றதால் தொடரின் பெயரே முறைக்கும் வழங்கலாயிற்று.

தொடக்கத்தில் வெள்ளை இரண்டாவது நகர்த்தலிலேயே அமைச்சர் முன்னுள்ள காலாளை முன்செலுத்தியது. கறுப்பு உடனே தன் அரசிக்கு முன்னுள்ள காலாளை நடுவில் எதிர்நிறுத்தி, தேவையானால் அக்காலாளைத் தியாகமும் செய்யத் துணிந்தால் வெள்ளைக்குத் தொல்லை ஏற்படுவது தெரியவந்தது. எனவே அரசிப் பக்கத்துக் குதிரையை முதலில் வெளிக்கொணர்ந்துவிட்டுப் பின்னர் காலாளை நகர்த்தும் வரிசை நிலைபெற்றது. கறுப்பும் சும்மா இருக்கவில்லை. அரசனுக்கு முன்னுள்ள காலாளை ஒரு கட்டம் மட்டும் நகர்த்தி வெள்ளை அமைச்சரின் பார்வையை மறைக்கும் தற்காப்பு பரவியபின், பல வெள்ளை ஆட்டக்காரர்கள் அமைச்சரை வேறு கட்டத்தில் நிறுத்தத் தொடங்கினர்.

வார இறுதி மண்டபங்களில் பிறந்த இம்முறையை மேல்மட்ட ஆட்டக்காரர்கள் முதலில் பெரிதாக மதிக்கவில்லை. ஆனால் 1996 இல் நெதர்லாந்தின் விக் ஆன் சீ நகரில் விசுவநாதன் ஆனந்த் இதனைப் பயன்படுத்திப் போரிசு கெல்ஃபாண்டை வென்றார். அவ்விருவரும் 2012 இல் உலக வாகைப் பட்டத்துக்காக மோதியவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

ஐக்கிய அமெரிக்கா

ஐக்கிய அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பும் தேசிய அளவில் கிராண்ட் பிரீ தொடரை நடத்தியது. 1980களில் அதற்கு ஒரு வறுத்த கோழி உணவக நிறுவனம் ஆதரவளித்தது. இங்கிலாந்தில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குத் தொடர்வண்டியில் சில மணி நேரத்தில் சென்றுவிடலாம். அமெரிக்காவில் அடுத்தடுத்த போட்டிகளுக்கு இடையே கண்டத்தின் பாதியைக் கடக்க நேரிடும். அங்கு பரிசுப் பணத்தின் பெரும்பகுதி ஆட்டக்காரர்களின் நுழைவுக் கட்டணங்களிலிருந்தே திரட்டப்பட்டது. தோற்பவர்களே வெல்பவர்களுக்குப் பணம் தருகிறார்கள் என்று இதனைச் சொல்லலாம்.

இத்தொடரின் வரலாற்றில் மறக்க இயலாதவர் ஈகர் இவானொவ் ஆவார். லெனின்கிராடில் 1947 இல் பிறந்த இவர், 1979 இல் சோவியத் விளையாட்டு விழாவில் அப்போதைய உலக வாகையாளர் அனத்தோலி கார்ப்பொவை வென்றவர். 1980 இல் கியூபாவில் ஆடிவிட்டுத் திரும்பும் வழியில், எரிபொருள் நிரப்புவதற்காக வானூர்தி கனடாவின் காண்டர் நகரில் இறங்கியபோது அங்கேயே தங்கி அடைக்கலம் கோரினார். கனடிய வாகைப் பட்டத்தை நான்கு முறை வென்ற அவர், அமெரிக்காவின் வார இறுதிப் போட்டிகளையே வாழ்வாதாரமாகக் கொண்டு பேருந்துகளில் நாடு முழுவதும் பயணம் செய்தார். கிராண்ட் பிரீ தொடரை ஒன்பது முறை வென்றார்.

இவ்வளவு வென்றும் அவர் நெடுங்காலம் கிராண்ட்மாஸ்டராகவில்லை. அப்பட்டத்துக்கு வேண்டிய தகுதி முடிவுகளுக்கு, குறைந்தது ஒன்பது ஆட்டங்கள் கொண்ட, பல நாட்டு ஆட்டக்காரர்கள் பங்கேற்கும் பன்னாட்டுப் போட்டிகள் தேவை. ஐந்து சுற்று வார இறுதிப் போட்டிகளில் எத்தனை வென்றாலும் அவை கணக்கில் வாரா. வாடகைக்கும் உணவுக்கும் வழி செய்த போட்டிகள் பட்டத்துக்கு வழி செய்யவில்லை. 2005 இல்தான் அவருக்கு அப்பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் யூட்டா மாநிலத்தில் காலமானார்.

அமெரிக்கப் போட்டிகளில் வலிமையானவர்களுக்கு மட்டுமன்றி ஒவ்வொரு தர நிலைக்கும் தனித்தனியே பெரிய பரிசுகள் உண்டு. எலோ தரவுகோள் என்பது ஆட்டக்காரரின் வலிமையை அவரது முடிவுகளைக் கொண்டு எண்ணால் குறிக்கும் அளவீடாகும். சிறிய போட்டிகளில் வேண்டுமென்றே தோற்றுத் தரவுகோளைக் குறைத்துக்கொண்டு, பெரிய போட்டியின் கீழ்ப்பிரிவில் நுழைந்து பரிசைத் தட்டிச் செல்பவர்கள் தோன்றினர். இதனைத் தடுக்க, ஒருவரின் தரவுகோள் ஓர் எல்லைக்குக் கீழ் இறங்காதவாறு கூட்டமைப்பு விதி வகுத்தது. ஒருவர் எட்டிய உச்சத்திலிருந்து 200 ஐக் கழித்து, எஞ்சியதை நூறின் மடங்காகக் கீழ்நோக்கி முழுமையாக்கினால் கிடைப்பதே அவருடைய எல்லை. உச்சம் 1941 எனில் எல்லை 1700 ஆகும்.

மேல்மட்டத் தொடர்கள்

வட்டாரங்களில் தேர்ச்சி பெற்ற முறையை உலகின் முதல்நிலை ஆட்டக்காரர்களும் பின்னர் ஏற்றுக்கொண்டனர். கிராண்ட்மாஸ்டர்கள் சங்கம் 1988, 1989 ஆகிய ஆண்டுகளில் ஆறு போட்டிகள் கொண்ட உலகக் கோப்பையை நடத்தியது. பிரசெல்சில் தொடங்கி சுவீடனின் ஷெல்லெஃப்தியோவில் முடிந்த இத்தொடரில் ஒவ்வொருவரும் நான்கு போட்டிகளில் ஆடி, சிறந்த மூன்று முடிவுகள் கணக்கிடப்பட்டன. காரி காஸ்பரொவ் சிறிய வேறுபாட்டில் கார்ப்பொவை முந்தினார்.

பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 2008 இல் தொடங்கிய கிராண்ட் பிரீ தொடர் இத்தகைய முயற்சிகளின் பலவீனத்தைக் காட்டியது. அறிவிக்கப்பட்ட ஊர்கள் சில பின்வாங்கியதால் வேறு ஊர்கள் தேட வேண்டியிருந்தது. தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே உலக வாகைக்கான தகுதி விதிகள் மாற்றப்பட்டன. மக்னசு கார்ல்சனும் மைக்கேல் ஆடம்சும் இடையில் விலகினர். லெவோன் அரோனியன் தொடரை வென்றார். ஓராண்டுக்கு மேல் நீளும் போட்டியில் ஆட்டத்தின் நடுவே விதி மாறினால், ஏற்கெனவே ஆடி முடித்த சுற்றுப்போட்டிகளை ஆட்டக்காரர் திரும்ப ஆட முடியாது.

ஃபிடே சர்க்யூட்டும் சென்னையும்

ஃபிடே 2023 இல் தொடங்கிய சர்க்யூட், பழைய வட்டாரத் தொடர்களின் வடிவத்துக்கு மிக நெருங்கியது. இதற்கெனத் தனிப் போட்டிகள் நடத்தப்படுவதில்லை. உலகின் எந்த ஊரில் யார் நடத்தினாலும் தகுதி வரையறைகளை நிறைவு செய்யும் போட்டிகள் தாமாகவே கணக்கில் சேரும். ஆண்டு முடிவில் முன்னணியில் இருப்பவர், உலக வாகையாளரை எதிர்க்கப் போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் வேட்பாளர் போட்டியில் இடம் பெறுவார். 2023 இல் ஒவ்வொருவரின் சிறந்த ஐந்து முடிவுகள் கூட்டப்பட்டன.

ஒருவர் பெற்ற இடத்துக்கான அடிப்படைப் புள்ளி, போட்டியின் வலிமையைக் குறிக்கும் எண்ணால் பெருக்கப்படுகிறது. அதிகத் தரவுகோள் கொண்ட எட்டுப் பேரின் சராசரியிலிருந்து 2500 ஐக் கழித்து 100 ஆல் வகுத்தால் அவ்வெண் கிடைக்கும். சராசரி 2600 எனில் அது 1. சராசரி 2700 எனில் 2. ஆகவே 2700 சராசரி உள்ள போட்டியில் முதலிடம் பெறுவது, 2600 சராசரி உள்ளதில் முதலிடம் பெறுவதைப் போல் இரு மடங்கு மதிப்புடையது. எட்டுப் பேர் மட்டும் ஆடும் போட்டியில் அனைவருமே சராசரியில் இடம்பெறுவதால், ஒரே ஒரு பலவீனமான அழைப்பாளர் கூட எல்லோருடைய புள்ளியையும் குறைத்துவிடுவார்.

2023 டிசம்பரில் இக்கணக்கு சென்னையில் நேரடியாகப் பயன்பட்டது. பட்டியலில் முதலிடத்தில் இருந்த ஃபாபியானோ கருவானா உலகக் கோப்பை மூலம் ஏற்கெனவே தகுதி பெற்றிருந்ததால், அவருக்கு அடுத்தவருக்கே இடம் கிடைக்க இருந்தது. அவ்விடத்துக்கு அனிஷ் கிரி, டி. குகேஷ் ஆகியோரிடையே கடும் போட்டி நிலவியது. மிக்ஜாம் புயலால் நகரம் வெள்ளத்தில் மூழ்கி இரண்டு வாரங்கள் கூட ஆகாத நிலையில், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஏற்பாட்டில் சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் போட்டி டிசம்பர் 15 முதல் 21 வரை நடைபெற்றது. குகேஷ், அர்ஜுன் எரிகைசி, பெண்டாலா ஹரிகிருஷ்ணா, லெவோன் அரோனியன், பர்ஹாம் மக்சூட்லூ, பாவெல் எல்யானொவ், அலெக்சாந்தர் பிரெத்கே, சனான் சுகிரொவ் ஆகிய எட்டுப் பேரின் சராசரித் தரவுகோள் ஏறத்தாழ 2700 ஆக இருந்தது. ஏழு சுற்றுகளில் குகேஷும் அர்ஜுனும் தலா நாலரைப் புள்ளிகள் பெற, சமநிலை உடைப்பு விதியின்படி குகேஷ் முதலிடம் பெற்றார். அனிஷ் கிரிக்கு ஆண்டின் கடைசி வாரத்தில் சமர்கந்தில் நடந்த உலக விரைவு ஆட்டப் போட்டிகள் மட்டுமே மிஞ்சின. அங்கு அவரால் முந்த இயலவில்லை.

பருவத்தின் இறுதியில், உள்நாட்டு ஆட்டக்காரர்களுக்கு வாய்ப்பளிக்கும் வகையில் குறுகிய காலத்தில் ஏற்பாடான போட்டி என்று இது விமர்சிக்கப்பட்டது. போட்டி விதிகளுக்கு உட்பட்டே நடந்தது. யார் வேண்டுமானாலும் போட்டி நடத்தலாம் என்ற விதியே இதற்கு இடமளித்தது. ஐரோப்பிய ஆட்டக்காரர்களுக்கு வீட்டருகே ஆண்டு முழுதும் வலிமையான போட்டிகள் கிடைப்பதும் அதே விதியின் கீழ்தான் என்று மறுபக்கத்தில் வாதிடலாம். குகேஷ் 2024 ஏப்ரலில் டொராண்டோவில் வேட்பாளர் போட்டியை 14 இல் 9 புள்ளிகளுடன் வென்றார். அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை ஏழரைக்கு ஆறரை என்ற புள்ளிக் கணக்கில் தோற்கடித்து, 18 வயதில் உலக வாகையாளர் ஆனார். சென்னையில் அரைப் புள்ளி குறைந்திருந்தால் அவர் டொராண்டோவில் ஆடியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

2024 ஆம் ஆண்டுத் தொடரில் கருவானா மீண்டும் முதலிடம் பெற, அர்ஜுன் எரிகைசி இரண்டாமிடத்தில் நின்றார். 2025 இல் ரமேஷ்பாபு பிரக்ஞானந்தா முதலிடம் பெற்று 2026 வேட்பாளர் போட்டிக்குத் தகுதி பெற்றார். விக் ஆன் சீ, புக்கரெஸ்டு, தாஷ்கந்து ஆகிய ஊர்களில் பெற்ற வெற்றிகள் அவருக்கு முன்னிலையைத் தந்திருந்தன. ஆயினும் அதனை உறுதி செய்துகொள்ள ஆண்டு இறுதியில் அவர் இலண்டனில் ஒரு திறந்தநிலைச் சுவிஸ் முறைப் போட்டியில், தன்னைவிடத் தரவுகோள் குறைந்த பலருடன் ஆடி முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்.